ஆறிய பின் கொடுக்கவும்

மலை முகாம்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மதி எழுதுகிறேன். ஆடிப்பெருக்கு அன்றைக்கு உன் நினைப்பு வராமல் இருக்குமா? இந்நேரம் காவிரி கரைதொட்டு ஓடும். நீ சித்ரான்னம் கட்டிக்கொண்டு, அத்தானையும் இழுத்துக்கொண்டு படித்துறைக்குப் போயிருப்பாய். எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, முழங்கால் மட்டும் குளிருக்கு முனகுகிறது. உனக்குச் சர்க்கரை எவ்வளவு காட்டுகிறது? ஊருக்கெல்லாம் லட்டு பிடித்துக் கொடுத்துவிட்டு நீ மட்டும் பாகற்காய்ச் சாறு குடிக்கிறாய் என்று இங்கே சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

போன் கீழ் முகாமில்தான் எடுக்கும். வாரம் ஒரு நாள் வரிசையில் நின்று, பின்னால் இருப்பவன் முதுகில் தட்டத் தட்டப் பேச வேண்டும். நான் கேட்கப்போவதை அப்படிக் கேட்க முடியாது. அதனால்தான் கடிதம்.

என்னோடு வேலை பார்க்கும் தாப்பா டார்ஜீலிங் பக்கத்துக்காரன். அவர்கள் ஊரில் நாய்களுக்கென்றே ஒரு திருநாள் உண்டு. அன்றைக்கு நாய்க்குப் பொட்டு வைத்து, சாமந்தி மாலை போட்டு, தின்பண்டம் கொடுக்கிறார்கள். அது சரியாக நம் தீபாவளி நாளிலேயே வருகிறது. முகாமில் இந்த வருஷம் எல்லா நாய்களுக்கும் கொண்டாடப் போகிறோம். ஒவ்வொருவனும் தன் ஊர்ப் பலகாரம் ஒன்றைத் தன் நாய்க்குக் கொடுக்க வேண்டும் என்று பேச்சு.

என் பிஜ்லியை உனக்குப் போட்டோவில் தெரியும். கோதுமை நிறம், தொங்கு காது. ஏழு வருஷமாக நானும் அவளும்தான் வெடிகுண்டு தேடிப் போகிறோம். அவளுக்கு உன் கையால் ஏதாவது செய்து அனுப்ப முடியுமா? சர்க்கரை, வெல்லம், உப்பு கூடாது. எண்ணெயில் பொரிக்கக் கூடாது. என்னென்ன சேர்த்தாய் என்று எழுதி அனுப்பினால் எங்கள் கால்நடை டாக்டர் பார்த்துச் சரி சொல்வார்.

நாய் என்ற பேச்சு எடுத்தாலே வாசல் கேட்டைப் பூட்டுகிறவள் நீ. தெரிந்துதான் கேட்கிறேன். அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
மதிவாணன்


தாராசுரம்
19 ஆகஸ்ட் 2025

தம்பி மதிவாணனுக்கு,

அக்கா பிரகதீஸ்வரி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். சர்க்கரை நூற்றெண்பது. அத்தானிடம் நூற்றைம்பது என்று சொல்லியிருக்கிறேன், நீ உளறிவைக்காதே. முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தேய். பெண்டாட்டி இருந்தால் அவள் சொல்வாள். உனக்குப் பெண் பார்த்து நான் ஓய்ந்துபோனதால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இருபது வருஷமாக அடுப்பு முன்னால் நிற்கிறவளிடம் இனிப்பு இல்லாமல், உப்பு இல்லாமல், பொரிக்காமல் ஒரு பலகாரம் கேட்கிறாய். அதற்குப் பெயர் பலகாரமா, பத்தியமா? அத்தானிடம் படித்துக் காட்டினேன். "நாய்க்குப் பலகாரம் அனுப்புறது இருக்கட்டும், எனக்கு அந்த மைசூர்பாக்குல உடைஞ்சது ஏதாவது உண்டா" என்றார்.

ஆனால் அன்றிலிருந்து மண்டைக்குள் அதுவே ஓடுகிறது. நாய்க்கு இனிப்பு தெரியுமா? தெரியாதென்றால் சர்க்கரை இல்லாததைப் பற்றி அதற்கு என்ன கவலை? நாக்கால் ருசி பார்க்குமா, மூக்காலேயே பார்த்துவிடுமா? கடித்துத் தின்னுமா, அப்படியே விழுங்குமா? ஏலக்காய் சேர்க்கலாமா? நெய்? முந்திரி திராட்சை? எல்லாவற்றுக்கும் பதில் எழுது. தெரியாத நாக்குக்கு நான் இதுவரை எதுவும் செய்ததில்லை.

அதிரசம் தவிர எது வேண்டுமானாலும் செய்து பார்க்கிறேன். அதை நான் செய்வதில்லை என்பது உனக்குத் தெரியும். என்னை எந்த நாயின் பக்கத்திலும் போகச் சொல்லாதே. பத்து வயதில் கடிபட்ட கெண்டைக்கால் இன்னும் மறக்கவில்லை. தொப்புளைச் சுற்றிப் போட்ட பதினான்கு ஊசியையும்தான்.

இன்னொன்று. எதைக் கொடுத்தாலும் ஆறிய பின் கொடு. அடிக்கோடு போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அக்கா


மலை முகாம்
2 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வேப்பெண்ணெய் கிடைக்கவில்லை, கடுகெண்ணெய் தேய்க்கிறேன். தாப்பாவுக்கு அந்த வாசனை பிடித்திருக்கிறது. நூற்றெண்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீ ஒழுங்காக நடக்கப் போகிறாயா?

கேட்டதற்கெல்லாம் டாக்டரிடம் விசாரித்துவிட்டேன். நாய்க்கு இனிப்பு நன்றாகவே தெரியும், அதனால்தான் ஆபத்து. கொடுத்தால் நிறுத்தாது. ஆனால் நம்மைவிட அதற்கு நாக்கு மந்தம், மூக்குதான் எல்லாம். ஏலக்காய் வேண்டாம், வயிற்றைக் கலக்கலாம். ஜாதிக்காய் கூடவே கூடாது. நெய் அதிகம் சேர்ந்தால் கணையம் வீங்கிவிடும். முந்திரி ஒன்றிரண்டு கொல்லாது, ஆனால் கொழுப்பு.

திராட்சைதான் பெரிய எமன். பச்சையோ, காய்ந்ததோ, கொஞ்சம் போனாலே சில நாய்களுக்குச் சிறுநீரகம் நின்றுவிடுமாம். சாக்லேட், வெங்காயம், பூண்டு எல்லாம் அதே வரிசை. சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்கிற இனிப்பில் சேர்க்கிற ஏதோ ஒரு மாற்றுச் சர்க்கரையும் விஷமாம். உன் அலமாரியில் இருக்கும் டப்பாவைப் பத்திரமாக வை. நல்லதாகவே இருந்தாலும் பலகாரம் ஒரு நாள் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

பிஜ்லி மெதுவாகத்தான் தின்பாள். ஒன்பது வயது முடிகிறது, இரண்டு பல் போய்விட்டது. ஆனால் மூக்கு அப்படியே இருக்கிறது. அவள் வேலை பார்த்து நீ பார்த்ததில்லை அல்லவா? வெடிமருந்து வாசனை வந்தால் குரைக்க மாட்டாள், கிளற மாட்டாள். அதன் முன்னால் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடுவாள். நான் வந்து பார்க்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். அப்படி அவள் உட்கார்ந்ததால்தான் நான் இன்றைக்கு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

ஆறிய பின் கொடு என்று அடிக்கோடு வேறு போட்டிருக்கிறாய். தாராசுரத்திலிருந்து இந்த மலைக்கு வருவதற்குள் எது அக்கா ஆறாமல் இருக்கும்?

உன் தம்பி,
மதி


தாராசுரம்
15 செப்டம்பர் 2025

தம்பிக்கு,

நடக்கிறேன், தினமும் கோயில் வரை. போக வர நாற்பது நிமிஷம். குறுவை அறுப்பு தொடங்கிவிட்டதால் அத்தான் வயலே கதி. மழை வருவதற்குள் நெல் களம் சேர வேண்டும் என்று வானத்தைப் பார்த்தபடியே சாப்பிடுகிறார். உன் குளிர் எப்படி இருக்கிறது?

திராட்சை விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. போன பொங்கலுக்குக்கூட மிஞ்சிய சர்க்கரைப் பொங்கலைக் கேட்டுக்கு வெளியே கொட்டினேன், தெருநாய் தின்றுவிட்டுப் போகட்டும் என்று. புண்ணியம் என்று நினைத்துக்கொண்டு எத்தனை வருஷம் இதைச் செய்திருக்கிறோம். இங்கே கால்நடை மருந்தகத்து டாக்டர் ஜெயபாரதியைப் போய்ப் பார்த்தேன். மாடு இல்லாமல் தனியாக வந்து நிற்கிறேனே என்று அவர் முழித்தார். "யாருக்கும்மா உடம்பு சரியில்ல?" என்று கேட்டார். "யாருக்கும் இல்ல டாக்டர், பலகாரத்துக்கு வந்தேன்" என்றேன். நல்ல பெண். நீ எழுதியதையெல்லாம் சரி என்றார். பூனைக்குத்தான் இனிப்பே தெரியாதாம். எனக்கு இது புதுசு.

இனி என் ஆராய்ச்சியைக் கேள். முதல் நாள் அரிசி மாவில் முட்டை ஊற்றிப் பிசைந்து ஓவனில் சுட்டேன். செங்கல். இரண்டாவது நாள் சர்க்கரைவள்ளிக் கிழங்கை அவித்துத் தோலுரித்துச் சேர்த்தேன். உருண்டை பிடிக்க வந்தது, ஆனால் உள்ளே வேகவில்லை. மூன்றாவது முறைதான் மூளை வேலை செய்தது. முறுக்கு உரலில் ரிப்பன் அச்சைப் போட்டு, மெல்லிய நாடாவாகப் பிழிந்து, சின்னத் தணலில் ஒரு மணி நேரம் காயவிட்டேன். உப்பு போடாத வேர்க்கடலையை வறுத்துப் பொடித்து ஒரு கை சேர்த்தேன். அந்த வாசனைக்கு நானே ஒன்று வாயில் போட்டுக்கொண்டேன். அவ்வளவு மோசமில்லை.

என்னிடம் வேலைக்கு வரும் ஆனந்தவல்லி வீட்டில் குட்டையன் என்று ஒரு நாய் இருக்கிறது. அதுதான் பரீட்சை அதிகாரி. நான் அவள் வீட்டு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, பூந்திக் கரண்டியில் வைத்து நீட்டினேன். "அக்கா, கரண்டிய வச்சிக்கிட்டு யாராவது நாய்க்கு ஊட்டுவாங்களா?" என்று அவள் சிரித்தாள். குட்டையன் முகர்ந்து பார்த்தது, என்னைப் பார்த்தது, தின்றது. பிறகு கரண்டியையும் நக்கியது. அந்தக் கரண்டியை இனி அதற்கென்றே வைத்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் பதில் எழுது. ஒன்பது வயது, இரண்டு பல் போச்சு என்கிறாய். மனுஷனுக்கே அறுபதில் வீட்டுக்குப் போ என்கிறார்கள். அவளை எப்போது போகச் சொல்வார்கள்? போகச் சொன்னால் எங்கே போவாள்?

இப்படிக்கு,
அக்கா


மலை முகாம்
28 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். ரிப்பன் கணக்கை டாக்டரிடம் காட்டினேன், தாராளமாக அனுப்பச் சொல்லுங்கள் என்றார். பல் இல்லாததால் இன்னும் கொஞ்சம் மெல்லியதாகப் பிழிந்தால் நல்லது.

பிஜ்லி எங்கே போவாள் என்று கேட்டிருந்தாய். இங்கே பனி விழத் தொடங்கிவிட்டது. காலையில் கதவைத் திறக்க மண்வெட்டி வேண்டியிருக்கிறது.

அறுப்பு முடிந்ததா? அத்தானை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

உன் தம்பி,
மதி


தாராசுரம்
6 அக்டோபர் 2025

தம்பிக்கு,

அறுப்பு முடிந்து நெல்லும் கொள்முதலுக்குப் போட்டாகிவிட்டது. அத்தான் இரண்டு நாளாகத் தூங்குகிறார். எனக்குச் சர்க்கரை நூற்றைம்பதாகவே ஆகிவிட்டது, பொய்யை மெய்யாக்கிவிட்டேன்.

நாயைப் பற்றிக் கேட்டால் பனியைப் பற்றி எழுதுகிறாய். சின்ன வயதிலிருந்து உன் வழக்கம் இதுதான். தப்புச் செய்த அன்றைக்கு மட்டும் வாய்ப்பாட்டை ஒப்பிப்பாய். சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது சொல்.

பார்சல் அனுப்பியிருக்கிறேன். இதே வாரத்தில் முறுக்கு, லட்டு என்று நூறு கிலோவுக்கு மேல் ஆர்டர். அந்த அமளியிலும் இதைத் தனிப் பாத்திரத்தில், தனி அடுப்பில் செய்தேன். நம் வயல் குறுவை அரிசி, கிழங்கு, முட்டை, கடலை. வேறெதுவும் இல்லை. டின்னுக்குள் தாள் ஒட்டியிருக்கிறேன். ஒரு நாளைக்கு நான்கு துண்டு. ஈரம் படாமல் வை. பல்லுக்குக் கடினமாக இருந்தால் வெந்நீரில் நனைத்துக் கொடு. ஆனால் நனைத்த பிறகு ஆறவை. நன்றாக ஆறிய பின் கொடு. விரலை வைத்துப் பார்த்துவிட்டுக் கொடு.

அடியில் இருக்கும் லட்டு உனக்கும் தாப்பாவுக்கும். அதில் திராட்சை இருக்கிறது, கை கழுவிவிட்டு அவளைத் தொடு.

இப்படிக்கு,
அக்கா


மலை முகாம்
23 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு, அத்தானுக்கு,

தீபாவளி நல்லபடியாக நடந்ததா? பார்சல் இரண்டு நாள் முன்பே வந்துவிட்டது. ஒரு ரிப்பன்கூட உடையவில்லை.

அன்றைக்குக் காலையில் பதினொரு நாய்களை வரிசையாக உட்காரவைத்தோம். சாமந்தி கிடைக்காமல், தாப்பா ஆரஞ்சு நிறக் கம்பளி நூலில் மாலை பின்னியிருந்தான். நெற்றியில் பொட்டு. ஒருவன் அவித்த கோழி கொண்டுவந்தான், ஒருவன் வெறும் ரொட்டி. என் முறை வந்ததும் டின்னைத் திறந்தேன். கடலை வாசனைக்கு வரிசை முழுக்கத் தலையைத் திருப்பியது. பிஜ்லி ஒவ்வொன்றாக வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா. நான் மூக்கைச் சிந்தியதைப் பார்த்துத் தாப்பா, ஜலதோஷமா என்று கேட்டான்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். டிசம்பர் முப்பத்தொன்றோடு அவளுக்கு வேலை முடிகிறது. எனக்கு ஜனவரியில் புதுக்குட்டி ஒன்றைக் கொடுத்து வேறு இடத்துக்கு அனுப்புகிறார்கள். வயதானவளை அங்கே கொண்டுபோக முடியாது. யாராவது எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதிக்கொடுத்தால் அவர்களிடம் அனுப்புவார்கள். இல்லாவிட்டால் தூரத்தில் ஒரு காப்பகம் இருக்கிறது. மோசமான இடமில்லை, சோறு போடுவார்கள். ஆனால் அங்கே அவளை யாருக்கும் தெரியாது.

எனக்கென்று இருப்பது உன் வீடு ஒன்றுதான். வீட்டில் இருப்பவர்கள் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் டிசம்பர் பதினைந்துக்குள் இங்கே வர வேண்டும். ஆகஸ்டில் நான் கேட்க நினைத்தது இதைத்தான். கேட்க வாய் வராமல் பலகாரம் கேட்டேன்.

முடியாது என்றால் முடியாது என்று எழுது. கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உன் தம்பி,
மதி


மலை முகாம்
16 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் நலம்தானே? அங்கே மழை என்று ரேடியோவில் சொன்னார்கள். கீழ் முகாமிலிருந்து போன இரண்டு வாரமும் போன் செய்தேன். முதல் தடவை நீ எடுக்கவில்லை. இரண்டாம் தடவை அத்தான் எடுத்து, "அக்கா வெளியில போயிருக்கா, எல்லாம் நல்லாருக்கோம்" என்று மட்டும் சொன்னார். உன் பதில் எனக்குப் புரிந்துவிட்டது. சம்மதம் வேண்டாம். இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

முப்பத்தாறு வருஷமாகச் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். உன்னை அந்தச் செவலை நாய் கடித்தது என்னால்தான்.

எனக்கு ஆறு வயது. தீபாவளிக்கு முதல் நாள். அம்மா கொல்லையில் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள். செவலை கிணற்றடியில் படுத்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது. பாவமாக இருந்தது. அம்மா மாவு எடுக்க உள்ளே போன நேரம், எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த அதிரசம் ஒன்றைத் தூக்கி அதன் வாயில் போட்டேன். வெல்லம் அதன் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அது சுற்றிச் சுற்றி ஓடியதை இன்றைக்கும் என்னால் விவரமாக எழுத முடியவில்லை. நீ அந்த நேரம் குடத்தோடு வந்தாய். எதிரில் வந்த காலைக் கடித்துவிட்டது.

வாயில் நுரை தள்ளுகிறது, வெறி பிடித்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். தெரு முழுக்கக் கம்போடு வந்தது. அதற்கு வெறி இல்லை என்று இந்த உலகத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. உனக்குப் பதினான்கு ஊசி போட்டார்கள். அப்போதும் திறக்கவில்லை.

இந்த வேலைக்கு ஆள் எடுத்தபோது நாய்ப் பிரிவுக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். முதலில் தூக்கிய கை என்னுடையது. ஏனென்று யாருக்கும் தெரியாது.

இதை மறைத்துவைத்துக்கொண்டு உன் வீட்டில் ஒரு நாய்க்கு இடம் கேட்டது பெரிய அயோக்கியத்தனம். மன்னித்துவிடு என்று எழுதவும் கூசுகிறது.

மதி


தாராசுரம்
27 நவம்பர் 2025

என் தம்பி மதிக்கு,

நாங்கள் நலம். சம்பா நட்டது தண்ணீரில் நாலு நாள் மூழ்கி, வாய்க்கால் வடிந்து, இப்போது தலை தூக்கிவிட்டது. அத்தானும் அப்படியே.

உன் இரண்டாவது கடிதம் நேற்று வந்தது. முதல் கடிதத்துக்கு நான் பதில் போடாததற்குக் காரணம் நீ நினைத்தது இல்லை. சரி என்று எழுதிவிட்டு, அவள் வந்து நிற்கிற அன்று நான் கேட்டைப் பூட்டிவிட்டால் என்ன செய்வது? அதனால் தினமும் சாயந்திரம் ஆனந்தவல்லி வீட்டுக்குப் போனேன். முதல் வாரம் பூந்திக் கரண்டி. அடுத்த வாரம் தேக்கரண்டி. கடைசியில் கை. குட்டையன் என் கையிலிருந்து ரிப்பனை எடுத்தபோது எனக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்று பழகினேன். நீ போன் செய்த அன்றும் அங்கேதான் இருந்தேன். முழுசாகப் பழகாமல் உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று அத்தானிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

இப்போது மற்றதற்கு வருகிறேன். எனக்குத் தெரியும்டா.

ஊசி போடும்போது ஒவ்வொரு நாளும் நீ என் பக்கத்தில் வந்து நின்றாய். நான் உன் கையைப் பிடித்துக்கொள்வேன். முதல் நாளே உன் இரண்டு விரலிலும் கொப்புளம் என் கையில் தட்டுப்பட்டது. மத்தாப்பு சுட்டுவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாய். மத்தாப்புப் பெட்டியை அப்பா மறுநாள்தான் பிரித்தார். கொப்புளத்தைச் சுற்றி வெல்லம் வேறு ஒட்டியிருந்தது, நீ சரியாகக்கூடக் கழுவவில்லை.

கோபம் இல்லாமல் இல்லை. நிறைய இருந்தது. நீ பத்தாவது படிக்கிற வரைக்கும் இருந்தது. பிறகு எப்போது போனதென்று தெரியவில்லை.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றால், சொல்ல எனக்கும் வாய் இல்லை. செவலையை அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அதன் வாயோரம் வெல்லம் ஒழுகியதை நானும் பார்த்திருந்தேன். அது வெறி இல்லை என்று எனக்கும் பாதி தெரியும். கால் எரிந்த எரிச்சலில், நன்றாக அடிக்கட்டும் என்று இருந்துவிட்டேன். உனக்கு ஆறு வயது. எனக்குப் பத்து. யாருடைய தப்பு பெரிசு என்று நீயே சொல். எனக்கு நாயைக் கண்டால் வருவது பயம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிதான் பயம்.

ஆறிய பின் கொடு என்று திரும்பத் திரும்ப எழுதினேனே, உனக்கு ஒரு தடவைகூட உறைக்கவில்லையா? நீயாகச் சொல்வாய் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சம்மதக் கடிதம் உள்ளே இருக்கிறது. அத்தானும் கையெழுத்துப் போட்டுவிட்டார். "வயல்ல எலியாவது பிடிக்குமான்னு கேளு" என்றார். அவள் குண்டு பிடித்தவள், எலியெல்லாம் பிடிக்க மாட்டாள் என்று சொல்லிவிட்டேன். ஜெயபாரதி டாக்டரிடம் அவள் பெயரைப் பதிந்தாகிவிட்டது. பழுப்புக் கம்பளி ஒன்றும் வாங்கிவிட்டேன். கொண்டுவந்து விடு.

இப்படிக்கு,
உன் அக்கா


தாராசுரம்
17 ஜனவரி 2026

தம்பிக்கு,

புது இடம் எப்படி இருக்கிறது? முழங்காலுக்கு வேப்பெண்ணெய் கொடுத்தேனே, தேய்க்கிறாயா? புதுக்குட்டி உன் செருப்பை விட்டுவைத்திருக்கிறதா?

நீ அவளை விட்டுவிட்டுப் போன பிறகு இரண்டு நாள் பிஜ்லி கேட்டைப் பார்த்தே படுத்திருந்தாள். சாப்பாட்டைத் தொடவில்லை. நானும் எட்ட உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் எழுந்து வீடு முழுக்க முகர்ந்தாள். பரணுக்குக் கீழே போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்தாள். அதட்டியும் எழுந்திருக்கவில்லை. ஏறிப் பார்த்தால் தீபாவளிக்கு வாங்கிய வெடியில் அரைப்பெட்டியை அத்தான் ஒளித்து வைத்திருக்கிறார், சட்டசபைத் தேர்தலுக்கு ஆகும் என்று. அன்றைக்கு வீட்டில் நடந்த விசாரணையை நீ பார்த்திருக்க வேண்டும்.

நேற்று மாட்டுப் பொங்கல். பானையில் வெல்லம் போடுவதற்கு முன்னால் அவளுக்கென்று வெறும் சோறு ஒரு கரண்டி எடுத்து, பூசணியை மசித்துச் சேர்த்துத் தனியாக வைத்தேன். மாடுகளுக்கு ஊட்டி முடிந்ததும் அவள் முறை. இலையில் வைத்ததும் ஆவி பறந்தது. அவள் வந்து இலையின் முன்னால் உட்காரவில்லை மதி, என் முன்னால் உட்கார்ந்தாள். பரணுக்குக் கீழே உட்கார்ந்தாளே, அதே மாதிரி. என்னிடம் வெடியெல்லாம் இல்லையடி என்றேன். எழுந்திருக்கவில்லை. அப்படி என்ன கண்டுபிடித்தாள் என்று உனக்குத்தான் தெரியும், எழுது.

சோற்றில் விரலை வைத்தேன், சுட்டது. முறத்தால் விசிறினேன். மறுபடி வைத்துப் பார்த்தேன். அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாக ஆறிய பிறகு உருட்டி, கையாலேயே கொடுத்தேன். தின்று முடித்து என் விரல்களையும் ஒவ்வொன்றாக நக்கினாள். நான் கையை எடுக்கவில்லை.

நீ அடுத்த லீவுக்கு வருகிற தேதியை முன்கூட்டியே எழுது. அதிரசத்துக்கு மாவு இடித்து, பாகு ஊற்றி நாலு நாள் ஊறவைக்க வேண்டும். நம் குடும்பத்தில் அது சுட்டு முப்பத்தாறு வருஷம் ஆகிறது, அம்மாவின் பதம் மறந்திருக்கும். இரண்டு ஈடு வீணாய்ப் போனாலும் போகட்டும். சர்க்கரை ஏறினாலும் ஏறட்டும், அன்றைக்கு ஒரு நாள். தட்டில் எடுத்துவைத்து, ஆறிய பின் நீயும் நானும் சாப்பிடலாம். அவளுக்கு மட்டும் கிடையாது.

இப்படிக்கு,
அக்கா